முறை வைத்து நிற்கும் ரயில்

பழவேற்காட்டு ஏரியின் உப்புக்கும் தண்ணீருக்கும், நண்டுக்கும் நாரைக்கும் சமமான அதிபதியும், தோணிரேவு முதல் பசியாவரம் வரை எந்தக் கரையிலும் பேச்சில் தோற்காதவனும், உன் நைனாவுக்கு ஒரே தம்பியுமாகிய உன் சின்ன நைனா, பட்டணத்து ஹாஸ்டலில் மாடி அறையில் கொலுவீற்றிருக்கும் என் மகள் ராணிக்கு எழுதுவது. அண்ணன் மகளை மகள் என்று எழுதலாமா என்று உன் அறைத்தோழி கேட்டால், எங்கள் பக்கம் நைனாவுக்கு அடுத்தவன் சின்ன நைனா, பெயரில் மட்டும்தான் சின்னவன், அதிகாரத்தில் இல்லை என்று சொல்லிவிடு. இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புமுன் தோணிரேவில் வலை காயப்போடும் இடத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டப் போகிறேன். நடந்ததைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் இதில் பொய் கலக்க எனக்கு வசதியில்லை. சில இடங்களில் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால், அது என் கையெழுத்தே பெரிது என்பதால்தான்.

வடக்கே போகும் கடைசி வேக வண்டி இனிமேல் அனுப்பம்பட்டில் நிற்கும் என்று புதிய அட்டவணை வந்திருப்பதை உன் போனில் பார்த்திருப்பாய். ரயில் ஆபீசுக்கு மனசு மாறிவிட்டது போலிருக்கிறது என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். ஆபீசுக்கு மனசு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் மனசு எங்கே இருந்தது, அது என்ன பாடுபட்டு அட்டவணை வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்பது எனக்குத் தெரியும். அதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் போன வருஷம் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது எங்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் நண்டு மாதிரி கவ்விக்கொண்டு தொங்குகிறது.

முதலில் இருந்து வருகிறேன். ஏரியில் பிறந்து, முகத்துவாரத்து அலைக்கே அஞ்சாத உன் நைனா, உன் அம்மா ஒருத்திக்கு அஞ்சி அவள் ஊரான அனுப்பம்பட்டில் குடியேறினார். ஸ்டேஷனுக்கு வெளியே மீன் கடை போட்டார். விடிவதற்கு முன் நம் கரைப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் கூடைகளோடு வந்து இறங்கி, அவர் கடை வாசலில் ஐஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு பட்டணத்து வண்டி ஏறுவார்கள். அந்தப் பிளாட்பாரத்தில்தான் நீ வளர்ந்தாய். மற்ற பிள்ளைகள் நிலாவைப் பார்த்துச் சோறு தின்றார்கள், நீ சிக்னலைப் பார்த்துத் தின்றாய். அப்புறம் படித்தாய், தெற்கே தாம்பரத்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை வாங்கினாய். ரத்தத்தைப் பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்கிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் இரண்டு பேர் என்னிடம் மாப்பிள்ளைக்குச் சோதனை செய்து தரச் சொல்லி வந்தார்கள். ஆனால் உன் சாயங்கால ஷிப்ட் முடிந்து, நடுவில் வண்டி மாறி, ஓடி வந்து கடைசி வண்டியைப் பிடிப்பதற்குள் உனக்கு நாக்கு தள்ளிவிடும். வண்டியைப் பிடித்த நாளில் வீட்டுக்கு வருவாய். தவறவிட்ட நாளில் யாராவது தோழி வீட்டில் சுருண்டு கிடப்பாய். அந்த நாட்களில் உன் நைனா கடையை அடைக்காமல் தராசைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் பட்டணத்து ரயில் பாதைகளையெல்லாம் மாற்றி அமைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. கூடுதல் தண்டவாளம் போடுவார்களாம். மெட்ரோவையும் பழைய வண்டியையும் ஒரே ஸ்டேஷனில் முடிச்சுப் போடுவார்களாம். தெற்கிலிருந்து வடக்கே மாறாமல் ஒரே வண்டியில் வரலாமாம். உனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்த மாதிரி இருந்தது. உன் ஆஸ்பத்திரி வாசலில் ஏறினால் நேரே வீடு. ஆனால் எந்த நல்ல மீனிலும் ஒரு முள் இருக்கும் அல்லவா, இதிலும் இருந்தது. ராத்திரியில் மெதுவாக வரும் வண்டிகள் எல்லாம் மீஞ்சூரோடு நின்றுவிடும். அதற்கு மேலே வரும் கடைசி வண்டி வேக வண்டி. அது பெரிய ஸ்டேஷன்களில் நிற்கும். சின்ன ஸ்டேஷன்களில் ஒன்றே ஒன்றில்தான் நிற்கும். அந்த ஒன்று எது என்று கேட்கப் பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்களைக் கூப்பிட்டார்கள்.

நானும் நம் கரைப் பெண்களும் வேன் பிடித்துப் போனோம். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை வாசலில் வேன் வந்து நிற்கும் என்றார்கள். வரவேயில்லை. அந்த வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறானே, அவனெல்லாம் பொன்னேரி பஸ்ஸுக்காகக் காத்திருந்தவன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒருவழியாக வேன் வந்து, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் ஒரு வரைபடம் தொங்கியது. பாய்மரம் கட்டினால் அந்தமான் வரைக்கும் போகலாம், அவ்வளவு அகலம். அதற்கு முன்னால் ஒரு சின்ன வயசு ஆபீசர். அவர் சட்டைக்குப் போட்ட கஞ்சியில் ஒரு குடும்பம் சாப்பிடலாம். ஆனால் நல்ல மனிதர். கத்தினவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கத்தினவர்களில் நானே முதல் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

வாக்குவாதம் கடைசியில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே வந்து நின்றது. ஒன்று அனுப்பம்பட்டு. இன்னொன்று பொன்னேரிக்கு அந்தப் பக்கம் உள்ள ஓர் ஊர். அந்த ஊரின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும், ஏற்கெனவே கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. நெல்லும் மல்லியும் விளையும் ஊர், அவ்வளவு போதும். அவர்களுக்கும் அந்த வண்டி வேண்டும். பட்டணத்தில் காவல் வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற ஆட்கள் அங்கே நிறையப் பேர். ஆபீசர் மணியைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நீங்களே உங்களுக்குள் பேசி ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

ராணி, உலகத்தில் வேறு எந்த ஊராக இருந்தாலும் அங்கேயே சட்டையைப் பிடித்திருப்பார்கள். நமக்கு அது தெரியாதே. நமக்குத் தெரிந்ததெல்லாம் பாடு ஒன்றுதான். உன் ஹாஸ்டல் தோழிகளும் புரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாக ஓடுகிற இடங்கள் கொஞ்சம், வலைக்காரர்கள் அதிகம். யாருக்கு எந்த இடம் என்று வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்குவோம். விழுந்த இடத்தில் அந்த வருஷம் முழுக்க வலை கட்டலாம். வருஷம் முடிந்தால் அடுத்தவனுக்கு. அந்த இடத்துக்குத்தான் பாடு என்று பேர். முகத்துவாரத்துப் பாடு விழுந்தவன் அந்த வருஷம் ராஜா, ஓரத்துச் சேற்றுப் பாடு விழுந்தவன் அடுத்த வருஷத்து ராஜா. இதில் சட்டம் ஒன்றே ஒன்று. முறை முடிந்தவன், யாரும் வந்து கேட்பதற்கு முன், தன் வலைக் கம்பைத் தானே பிடுங்கிக்கொண்டு போய்விட வேண்டும். வருகிறவன் வந்து பார்க்கும்போது தண்ணீர் வெறுமையாக இருக்க வேண்டும். போய்க் கேட்பது கேவலம். கேட்கிறவனுக்கு இல்லை, கேட்க வைத்தவனுக்கு.

ஆகவே நான் அந்த ஊர்க்காரர்களைச் சமையற்கட்டுப் பக்கம் அழைத்துப் போனேன். அவர்களுக்குத் தலைவி பூக்காரி விசாலாட்சி. மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறாள், நாக்கில் மட்டும் பச்சை மிளகாய் பயிரிட்டிருக்கிறாள். நான் பாடு போடலாம் என்றதும் அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மீன் நாற்றம் மூளை வரைக்கும் ஏறிவிட்டதா என்று கேட்டாள். நான் அசரவில்லை. பாடு முறையின் பெருமையை எடுத்து விட்டேன். டச்சுக்காரன் கோட்டை கட்டி இருந்த காலத்தில் அவன் கவர்னரே வரிசையில் நின்று சீட்டு எடுத்தான், அவனுக்கு முழங்கால் தண்ணீர்ப் பாடு விழுந்தது, அந்த வெட்கத்தில்தான் கப்பல் ஏறி ஊருக்கே போய்விட்டான், சரித்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள், நம்பாதே என்றேன். அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு கேட்டாள்:

“சரிண்ணே. வருஷம் முடிஞ்சு நாங்க குடுக்கலன்னா இன்னா பண்ணுவீங்க?”

நான் உண்மையைச் சொன்னேன். “குடுக்காம இருந்தவன் இதுவரைக்கும் ஒருத்தனும் இல்லம்மா. அதனால இன்னா பண்றதுன்னு எங்களுக்குத் தெரியாது.”

 அவள் கூடையைக் காலி செய்து நீட்டினாள். மல்லிகை வாசனையில் இரண்டு சீட்டு. நான் எடுத்தால் அவளுக்குச் சந்தேகம், அவள் எடுத்தால் எனக்கு. சாம்பார் கிண்டிக்கொண்டிருந்த சமையற்காரரைப் பிடித்து எடுக்கச் சொன்னோம். பெருங்காயக் கையால் எடுத்தார். அவர்கள் ஊர் வந்தது. நம் கரைப் பெண்கள் ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை, அடுத்த வருஷம் நமக்குத்தானே என்று கூடையைத் தூக்கிக்கொண்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் ஆபீசரிடம் சொன்னேன்: இந்த வருஷம் அவர்கள், அடுத்த வருஷம் நாங்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இவ்வளவு ஒற்றுமையான மக்களை நான் பார்த்ததே இல்லை என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிவிட்டு, நான் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

இங்கே உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், வாங்கி வைத்துக்கொள். உன் பேச்சு ஒருவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்றால், அவர் எந்த இடத்தில் கேட்பதை நிறுத்தினார் என்று பார். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் உன்னைப் பாராட்டும்போது இது உதவும்.

அட்டவணை அச்சாகி வந்தது. வேக வண்டி அனுப்பம்பட்டில் நிற்காது. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்ற பேச்சே அதில் இல்லை. ரயில்வேக்கு வருஷம் முடிவதே கிடையாது, அவர்கள் ஒன்றைப் போட்டால் அது சூரிய சந்திரர் உள்ளவரைக்கும் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. நீ பொன்னேரியில் இறங்க ஆரம்பித்தாய். அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ கிடையாது, பஸ் கிடையாது, தெருநாய்கள் மட்டும் முழு பலத்தோடு ஆஜர். உன் நைனா தினமும் மொபெட்டில் வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போனார். நாளெல்லாம் மீன் வெட்டிவிட்டு வருகிற மனுஷன், பாதித் தூக்கத்தில் ஓட்டுவார், நீ பின்னால் உட்கார்ந்து ஓயாமல் கேள்வி கேட்டு அவரை எழுப்பிக்கொண்டே வருவாய். மழைக்காலம் வந்தது. வயல் ஓரத்துத் திருப்பத்தில் வண்டி சறுக்கி இரண்டு பேரும் கால்வாயில் விழுந்தீர்கள். உனக்கு ஒன்றுமில்லை, அவருக்கு மணிக்கட்டில் கட்டு. கட்டுப் போட்ட கையோடு மறுநாளும் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தாய். அன்றைக்கே நீ ஹாஸ்டலுக்குச் சொல்லிவிட்டாய்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ என்னிடம் வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அழவில்லை, கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

“எறாலுக்குப் பாடு போடலாம் சின்னைனா,” என்றாய். “என் வூட்டுக்கும் எனக்கும் நடுவுல பாடு போட்டுட்டு வந்துட்டீங்களே.”

  உன் நைனா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், சண்டை போட்டிருந்தால் சமாதானமாகியிருக்கலாம். அவர் பாட்டுக்கு எனக்குச் சோறு போடச் சொன்னார், மீன் துண்டில் பெரியதாக எடுத்து என் பக்கம் தள்ளினார். வேக வண்டி கடை வாசலைத் தாண்டி அடித்துக்கொண்டு போகும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். வண்டி போய், தண்டவாளத்துச் சத்தம் அடங்கிய பிறகுதான் கடையை அடைப்பார். நிற்காத வண்டிக்காகக் கடை திறந்து வைத்திருந்த வியாபாரி இந்தியாவிலேயே அவர் ஒருவர்தான். இதை நான் பெரிதாக்கவில்லை.

உன்னைப் பற்றியும் ஒரு சேதி எனக்கு வந்தது. ஹாஸ்டலில் குளியலறைக்குக் காலையில் அடிதடியாம். நீ போய்ச் சீட்டுக் குலுக்கி, வாரா வாரம் முறை மாறுகிற மாதிரி ஏற்பாடு செய்தாயாம். அதிலிருந்து அங்கே அமைதி நிலவுகிறதாம். உன் அம்மா சொன்னாள். பாடு போட்ட கூட்டத்தைத் திட்டிவிட்டுப் போனவள் அங்கே போய் வாளிக்குப் பாடு போட்டிருக்கிறாள் என்று நான் கரையெல்லாம் பறை சாற்றினேன். அன்றைக்கு எனக்குப் பசி நன்றாக எடுத்தது.

வருஷம் சுற்றி வந்தது. ஏரியில் பாடு மாறுகிற காலம். கம்புகளைப் பிடுங்கினவர்கள் பிடுங்கினார்கள், நட்டவர்கள் நட்டார்கள். உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பூக்காரி ஊருக்குப் போய்க் கேள், இப்போது நம் முறை என்று சொல் என்றாள். மாட்டேன் என்றேன். ஏன் என்றாள். பாடு விஷயத்தில் கேட்கக் கூடாது அண்ணி என்றேன். அவர்கள் நெல்லுக்காரர்கள், அவர்களுக்குப் பாடும் தெரியாது பாட்டின் மானமும் தெரியாது, நீ கேட்காமல் இருந்தால் அவர்கள் மறந்தே போவார்கள் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் போய்க் கேட்டு வாங்கினால் அது பாடு இல்லை, பிச்சை. கேட்காமல் இருந்து அவர்கள் தராமல் போனால் உனக்கு வண்டி இல்லை. இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட அவஸ்தை, கண்ணி வலையில் மாட்டின கெளுத்திகூடப் பட்டிருக்காது. பொன்னேரிக்கு ஏதாவது வேலையாகப் போனால்கூட அந்த ஊர் ஆள் எவனையும் பார்க்காமல் இருக்கத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன். என் வாய் என்னை மீறி எங்கே கேட்டுவிடுமோ என்ற பயம். என் வாயை அடக்குவது முகத்துவாரத்தை மண் போட்டு மூடுகிற வேலை. ஆனாலும் மூடினேன்.

அங்கே நடந்ததை விசாலாட்சியே பின்னால் வந்து சொன்னாள். அதை அப்படியே தருகிறேன். கொஞ்சம் அவளும் பெரிதாக்குகிற ஆள்தான், அதனால் என் பங்குக்கு நான் எதுவும் சேர்க்கவில்லை.

வருஷம் முடிகிறது என்று அவள் ஊரில் பேச்சை எடுத்தாளாம். பாதிப் பேர் சிரித்தார்களாம். கையில் இருக்கிற வண்டியை யாராவது கொடுப்பார்களா, அந்த மீன்காரன் விளையாட்டுக்குச் சொன்னான் என்றார்களாம். அவளுடைய சொந்த மருமகனே அந்த வண்டியில்தான் வேலை முடிந்து வருகிறான். அவன்தான் அதிகம் சிரித்தானாம். மீன்காரர் வந்து கேட்கட்டும், கேட்டால் அப்போது பார்க்கலாம் என்று முடிவானதாம். நான் வருவேன் என்று பார்த்தார்கள். வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்குப் பிறகு அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லையாம்.

ஒரு வேன் நிறைய ஆள் சேர்த்துக்கொண்டு பட்டணத்து ஆபீசுக்குப் போனார்கள். அதே கஞ்சிச் சட்டை ஆபீசர். போராட்டம் பண்ண வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர் பயந்து, எல்லோருக்கும் டீ சொன்னாராம். என்ன வசதி குறைவு, குடிதண்ணீரா, கூரையா என்று கேட்டாராம். ஒரு குறையும் இல்லை, எங்கள் ஊரில் வண்டி நிற்பதை எடுத்துவிடுங்கள் என்றாளாம் விசாலாட்சி. எங்கள் முறை முடிந்துபோச்சு, இனிமேல் அனுப்பம்பட்டுக்காரங்க முறை. ஆபீசருக்கு ஒன்றும் புரியவில்லை. நிறுத்தம் கேட்டு மனு வரும், நிறுத்தத்தை எடுக்கச் சொல்லி மனு வந்ததே இல்லை, இதற்கு என்ன செய்வது என்று எங்கும் எழுதியே இல்லை என்றாராம். பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். பார்க்கலாம் என்றால் ஆபீசில் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கும் தெரியும்.

அதற்கப்புறம் அவர்கள் செய்ததுதான், ராணி, என்னை உட்கார வைத்துவிட்டது. கம்பைப் பிடுங்கினார்கள். வேக வண்டி வழக்கம்போல் அவர்கள் ஊரில் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை, ஒருவரும் ஏறவில்லை. வேலை முடிந்து வருகிறவர்கள் எல்லாம் பொன்னேரியிலேயே இறங்கி, காத்திருந்த டிராக்டரில் நெல்மூட்டை மாதிரி அடுக்கி உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சிரித்த மருமகன்தான் டிராக்டர் ஓட்டினான். நாள் கணக்கில் இது நடந்தது. வெறும் பிளாட்பாரத்தில் வண்டி நின்று, கதவெல்லாம் திறந்து கிடந்து, யாரும் இல்லாமல் கிளம்பும். கார்டு தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் பச்சை விளக்குக் காட்டுவாராம். ஊரில் தொற்றுநோய் வந்துவிட்டதோ என்று ஸ்டேஷனில் விசாரித்தாராம். ரயில்வேயிலிருந்து ஆள் எண்ணுகிறவர் வந்து எண்ணினார், எண்ண ஒன்றும் இல்லை. இதற்குள் கூடுதல் தண்டவாளத்தில் ஒரு பகுதி திறந்து, அட்டவணையை எப்படியும் மாற்றி எழுத வேண்டிய நேரம் வந்தது. ஆபீசர் இரண்டாவது பாதியை எழுதிவிட்டார்.

அட்டவணை வந்த அன்று விசாலாட்சி உன் நைனா கடைக்கு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன், துண்டு தலையிலிருந்து தோளுக்கு இறங்கியிருந்தது. அவள் மீன் விலை கேட்டாள், விலையைக் குறை சொன்னாள், மீனைக் குறை சொன்னாள், கடைசியில் என்னிடம் திரும்பினாள்.

“நீங்க வந்து கேப்பீங்கன்னு பாத்தோம்ணே. கேட்டிருந்தா சண்ட போட்டிருப்போம், குடுத்திருக்க மாட்டோம். நீங்க வரவே இல்ல. குடுக்காத மொத ஆளு நாங்கதான்னு ஆயிடுமோன்னு அப்பத்தான் பயமாப் போச்சு.”

நான் பதிலுக்கு ஒரு பெரிய சொற்பொழிவு தயாராக வைத்திருந்தேன். நான் அதை ஆரம்பிப்பதற்குள் உன் நைனா நல்ல கொடுவாய் மீனாகப் பார்த்து எடுத்து, சுத்தம் செய்து, வாழை இலையில் கட்டி அவள் கூடையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லப் போனவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது கவனமாகக் கேள், மகளே. இது ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் அவர்கள் முறை. அதற்குள் எல்லாத் தண்டவாளமும் முடிந்துவிடும், இரண்டு ஊரிலும் நிற்கும் என்று ஆபீசர் சொல்கிறாராம். முடிந்தால் சந்தோஷம். முடியாவிட்டால், நம் வருஷம் தீர்ந்த அன்று நாங்கள் கம்பைப் பிடுங்குவோம். அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்கமாட்டோம். அன்றைக்கு நீ அந்த வண்டியில் இருந்தாலும் அனுப்பம்பட்டில் இறங்கக் கூடாது, பொன்னேரிக்குப் போய் இறங்க வேண்டும். உனக்காகவும் மற்றவர்களுக்காகவும் அங்கே வேன் நிற்கும், அதற்கு இப்போதே எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டேன். உன் நைனாவை மொபெட் பக்கம் யாரும் விடமாட்டோம். இதைச் சொல்ல எனக்கு வாய் கசக்கிறது. ஆனால் உனக்கு ஒரு வண்டி வேண்டும் என்பதற்காக இன்னொரு ஊர்ப் பூக்காரியின் மருமகனை டிராக்டரில் ஏற்றுகிற ஊரில் நீ பிறக்கவில்லை. உனக்கு இதுவரை நான் சொன்ன புத்திகளில் பாதி தமாஷுக்குச் சொன்னது. இது அந்தப் பாதியில் இல்லை.

முதல்முதலாக வேக வண்டி நம் ஸ்டேஷனில் நின்றதைப் பார்க்கத் தோணிரேவே திரண்டு வந்துவிட்டது. பிளாட்பாரம் கொள்ளவில்லை, அனுப்பம்பட்டு வரலாற்றில் முதல்முறையாகத் தண்டவாளத்துக்கு மூச்சு முட்டியது. வண்டி வந்தது. வேகம் குறைந்தது. நின்றது. கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. இறங்கியது ஒரே ஒரு ஆள். எங்கோ போகவேண்டிய மனுஷன், தூக்கக் கலக்கத்தில் ஊர் மாறி இறங்கிவிட்டார். ஊரே கை தட்டியது. அவருக்கு மாலை போட்டோம். எதற்கு என்று கேட்டார், யாரும் சொல்லவில்லை. அவரை மறுபடி ஏற்றிவிடுவதற்குள் கார்டுக்குப் பொறுமை போய்விட்டது.

உன் நைனா கூட்டத்தோடு வரவில்லை. கடையில்தான் நின்றார். வண்டி கிளம்பிப் போன பிறகு நான் அவரிடம் போனேன். உடனே ராணிக்குப் போன் போடுகிறேன், ஹாஸ்டலைக் காலி பண்ணிவிட்டு வரச் சொல்கிறேன் என்றேன். அவர் தராசைக் கழற்றி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். அந்த மணிக்கட்டு இப்போது முன்னைப்போல் திரும்புகிறது, நீ கவலைப்பட வேண்டாம். என்னைப் பார்த்துச் சொன்னார்:

“வரச் சொல்லாத. அங்க அவளுக்குப் புடிச்சிருந்தா இருக்கட்டும். வண்டி நிக்குதுன்னு மட்டும் சொல்லு.”

அதனால்தான் போன் போடவில்லை, கடிதம் எழுதினேன். போனில் என்றால் என் வாய் வரச் சொல்லிவிடும், எழுத்தில் என்றால் உன் நைனா படித்துப் பார்த்து அடித்துவிடுவார். இரண்டு இடத்தில் அடித்தும் விட்டார், நீ பார்க்கிற அந்தக் கறுப்புக் கோடுகள் அவர் கை. ஒரு வருஷமாக நீ எங்கே தூங்க வேண்டும் என்பதை ஒரு மண்டபத்துச் சமையற்கட்டில் நாங்கள் முடிவு செய்து வைத்திருந்தோம். இனிமேல் அதை நீ முடிவு செய்யலாம். இவ்வளவு லேசாக நான் மூச்சு விட்டு ரொம்ப நாளாகிறது.

வண்டி நிற்கிறது, ராணி.

உன் சின்ன நைனா